வாயுவின் ஊடே செல்லும் பொருளை ஈர்ப்பு எப்படிப் பின்னுக்கு இழுக்கிறது?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ்வழியில் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் நான்கு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயு நம் ஆய்வகங்களில் உண்டாக்கும் வெற்றிடத்தைவிடவும் மெலிதானது என்னும்போது, அதன் ஊடே செல்லும் விண்மீனையோ கருந்துளையையோ அது எப்படித் தடுக்க முடியும்? இந்த ஈர்ப்பு இழுவைக்கு வானியற்பியலாளர் சந்திரசேகர் 1943இல் தந்த சமன்பாடு விண்மீன் கூட்டங்களுக்கு உரியது. அதை வாயுவுக்கும் அப்படியே போடலாமா? ஒலியைவிட மெதுவாகச் செல்லும் பொருளுக்கு இந்த இழுவையே கிடையாது என்று ஒரு விரிவுரையில் சொன்னது சரிதானா? கடைசியாக, அவருடைய மாணவி ஒருத்தி எழுப்பிய ஐயம்: அப்படியானால் பூமியும் ஒருநாள் ஓட்டம் ஓய்ந்து போகுமா?

முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். காற்றுத்தடை என்று நாம் வகுப்பில் சொல்லித் தருவது, பொருளின் முகத்தில் மூலக்கூறுகள் மோதுவதால் வருவது. அது பொருளின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. இங்கே பேசப்படும் இழுவைக்கு மோதல் தேவையில்லை, தொடுதல்கூடத் தேவையில்லை. நிறைமிக்க பொருள் ஒன்று வாயுவின் ஊடே செல்லும்போது அதன் ஈர்ப்பு சுற்றிலும் உள்ள வாயுவைத் தன்னை நோக்கி வளைக்கிறது. ஆனால் வளைந்த வாயு வந்து சேர்வதற்குள் பொருள் முன்னே போய்விடுவதால், அந்த வாயு பொருளுக்குப் பின்னால் கூடி அடர்த்தி மிகுந்த ஒரு பின்தடமாக நீள்கிறது. அந்தப் பின்தடத்துக்கும் நிறை உண்டு. அதுவும் ஈர்க்கும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் நிறை கூடுதலாகிவிட்டபடியால், பொருள் தன்னால் உண்டான திரட்சியினாலேயே பின்னுக்கு இழுக்கப்படுகிறது.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்பாத்தித் தேரோட்டத்தைக் காட்டி இதை விளக்கலாம். தேர் நின்றிருக்கும்போது நான்கு பக்கமும் ஒரே அளவில் கூட்டம் நெருங்கும். தேர் நகரத் தொடங்கினால், அதைக் கிட்டத்தில் பார்க்க இரு சாரியிலிருந்தும் இறங்கி வருகிறவர்கள் தேர் இருந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள், ஆகவே நெரிசல் எப்போதும் தேருக்குப் பின்னால்தான். (யானை தேரைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளும் ஊரில் இந்த உவமை கொஞ்சம் இடறும் என்பது தெரியும், யானையை மறந்துவிடுங்கள்.) அந்த நெரிசலில் நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளுவார்கள், தள்ளல் கூட்டத்தின் ஊடே பரவும். வாயுவுக்கும் விண்மீன் கூட்டத்துக்கும் உள்ள வேறுபாடு முழுக்க இந்தத் தள்ளலில்தான் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

மோதல் இழுவை பெரியதா, ஈர்ப்பு இழுவை பெரியதா என்று அறிய ஒரு நீளத்தைக் கணக்கிட வேண்டும்: ஈர்ப்பு மாறிலியையும் பொருளின் நிறையையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வேகத்தின் இருமடியால் வகுத்தால் கிடைப்பது அது. இந்தத் தொலைவுக்குள் வரும் வாயுவின் பாதை கணிசமாக வளையும். 1939இல் ஃப்ரெட் ஹாயிலும் ரேமண்ட் லிட்டில்டனும், விண்மீன் ஒன்று தான் கடந்து செல்லும் மேகத்திலிருந்து எவ்வளவு வாயுவை வாரிக்கொள்ளும் என்று ஆராய்ந்தபோது வந்த நீளம் இது. 1944இல் ஹெர்மன் பாண்டியும் ஹாயிலும் அதைச் செம்மைப்படுத்தினார்கள். சூரியனுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். தன்னைச் சுற்றியுள்ள விண்மீனிடை வாயுவைப் பொறுத்துச் சூரியன் நொடிக்கு ஏறத்தாழ 26 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. விடை ஏறத்தாழ 39 கோடி கிலோமீட்டர், அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தொலைவைப் போல 2.6 மடங்கு. சூரியனின் ஆரம் வெறும் 7 லட்சம் கிலோமீட்டர். ஈர்ப்புக்கு உட்படும் பரப்பு, மோதலுக்கு உட்படும் பரப்பைவிட மூன்று லட்சம் மடங்கு பெரியது. மெலிந்த வாயு எப்படித் தடுக்கும் என்ற கேள்விக்கு முதற்பாதி விடை இதுதான்: சூரியன் அந்த வாயுவின் கண்ணுக்குச் சிறுகோள் பட்டையின் நடுவரை விரிந்திருக்கும் ஒரு பொருள்.

வகுப்பில் பயன்படும் ஒரு குறுக்கு வழியும் இதற்குள் இருக்கிறது. மேற்சொன்ன நீளம் பொருளின் ஆரத்தைவிடப் பெரியது என்பதும், பொருளின் வேகம் அதன் பரப்பிலிருந்து தப்பிக்கும் வேகத்தைவிடக் குறைவு என்பதும் ஒரே கூற்று. சூரியனின் விடுபடு வேகம் நொடிக்கு 618 கிலோமீட்டர். 26 அதைவிட மிகக் குறைவு. ஆகவே அங்கே ஈர்ப்பே மேலோங்கும். மேல்நிலை மாணவர்கள் இதை ஒரே வரியில் நிறுவிவிடலாம்.

இப்படி ஒரு பின்தடம் உண்மையில் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்குச் சூரியனையே சான்றாகக் காட்டலாம். விண்மீனிடைப் பகுதியிலிருந்து மின்னேற்றம் இல்லாத ஹீலியம் அணுக்கள் சூரியக் குடும்பத்துக்குள் தங்குதடையின்றி நுழைகின்றன. சூரியனைக் கடக்கும்போது அவற்றின் பாதை வளைந்து, சூரியனுக்குப் பின்னால், அதாவது ஓட்டத்தின் மறுபக்கத்தில், ஒரு கூம்பாகக் குவிகின்றன. ஆண்டுதோறும் டிசம்பர் தொடக்கத்தில் பூமி அந்தக் கூம்பின் ஊடே செல்கிறது. அப்போது ஹீலியத்தின் அடர்த்தி கூடுவதைச் செயற்கைக்கோள்களின் கருவிகள் அளந்திருக்கின்றன. எல்லைக்கு அப்பால் கார்த்திகை என்றும் உங்கள் பக்கத்தில் விருச்சிகம் என்றும் சொல்லும் மாதம் அது. சூரியன் அப்போது நமக்குத் தெரியும் திசையிலிருந்துதான் அந்த ஹீலியக் காற்று வருகிறது என்பதால், சூரியனுக்கு மறுபுறம் நிற்கும் நாம் பின்தடத்தில் நிற்கிறோம். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் பத்துக்கணக்கான வானியல் அலகுத் தொலைவு (பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தொலைவே ஒரு வானியல் அலகு) செல்லக்கூடியவை. எனவே சூரியனுக்கு அருகில் அவை வாயுவைப் போல் அல்லாமல் தனித்தனித் துகள்களாகவே நடந்துகொள்கின்றன. இந்தக் கூம்பு, துகள்கள் ஒன்றையொன்று தள்ளாத, சந்திரசேகரின் வகையைச் சேர்ந்தது.

அப்படியானால் சூரியன் மெதுவாகிறதா? கணக்குப் போடலாம். இழுவை விசை, 4 × பை × (ஈர்ப்பு மாறிலி × நிறை)² × வாயு அடர்த்தி ÷ வேகம்² என்ற அளவை ஒரு தூய எண்ணால் பெருக்கினால் வருவது. அந்த எண் வேகத்தையும் பின்தடத்தின் நீளத்தையும் பொறுத்தது. இப்போதைக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். கன சென்டிமீட்டருக்கு ஒரு ஹைட்ரஜன் அணு என்ற அடர்த்திக்கு, சூரியன் தன் வேகத்தை இழக்க ஏறத்தாழ 3 கோடி கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். அதைப் போல இருபதாயிரம் மடங்குக்கும் மேல். இதிலும் சூரியக்காற்று 120 வானியல் அலகு வரைக்கும் விண்மீனிடை வாயுவின் மின்னேறிய பகுதியை ஒதுக்கித் தள்ளிவிடுவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆக, சூரியனுக்கு இந்த இழுவை பொருட்டே அன்று.

பொருட்டாவது எங்கே என்பதை அந்தச் சமன்பாடே சொல்லிவிடுகிறது. விசை நிறையின் இருமடியாக வளர்கிறது. பொருள் வாயுவை ஈர்ப்பதற்கு ஒரு நிறை, திரண்ட வாயு பொருளைத் திரும்ப ஈர்ப்பதற்கு இன்னொரு நிறை. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி ஒரு நிறையால் வகுத்த பின்னும் ஒன்று மிஞ்சுகிறது. கனத்த பொருள் விரைவில் மெதுவாகிறது. காற்றுத்தடைக்கு இது நேர் எதிர். ஒரு கோடிச் சூரிய நிறையுள்ள கருந்துளை ஒன்று, கன சென்டிமீட்டருக்கு ஆயிரம் அணுக்கள் உள்ள வாயுவில் நொடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்று கொள்ளுங்கள். மேற்சொன்ன தூய எண்ணை 3 என்று குறைத்தே எடுத்தாலும், அது ஏறத்தாழ 57 லட்சம் ஆண்டுகளில் வேகத்தை இழந்துவிடும். விண்மீன் மண்டலங்களின் காலக்கணக்கில் அது கண்சிமிட்டும் நேரம்.

இனி இரண்டாம் கேள்வி. லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் இருந்த சுப்ரமணியன் சந்திரசேகர், இயக்கவியல் உராய்வு என்று அழைக்கப்படும் இந்த இழுவையைப் பற்றி 1943இல் எழுதியது விண்மீன் கூட்டத்தின் நடுவே செல்லும் ஒரு விண்மீனைப் பற்றியது. அவர் எடுத்துக்கொண்ட ஊடகத்தில் துகள்கள் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. ஒவ்வொன்றும் தன் பாதையில் வந்து, வளைந்து, போய்விடும். வாயுவில் அப்படி இல்லை. ஓரிடத்தில் திரட்சி உண்டானால் அங்கே அழுத்தம் கூடும்; அழுத்தம் திரட்சியைக் கலைக்க முனையும்; அந்தச் செய்தி ஒலிவேகத்தில் எல்லாத் திசையிலும் பரவும். ஆகவே பொருளின் வேகத்தை ஒலிவேகத்தோடு ஒப்பிடும் மாக் எண் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

பொருள் ஒலியைவிட வேகமாகச் சென்றால், அதன் வரவு முன்னால் உள்ள வாயுவுக்குத் தெரியவே தெரியாது. திரட்சி முழுவதும் பின்னால் ஒரு கூம்புக்குள் அடங்கும். வேகம் கூடக்கூடக் கூம்பு ஒடுங்கும். மாக் எண் 2 என்றால் கூம்பின் அரைக்கோணம் 30 பாகை. முன்னே ஒன்றுமில்லை, பின்னே எல்லாம். இழுவை பலமாக இருப்பதில் வியப்பில்லை. மாக் எண் மிகப் பெரிதாகும்போது அழுத்தத்துக்குச் செயல்பட நேரமே இல்லாமற்போவதால், வாயுவும் விண்மீன் கூட்டமும் ஒரே விடையைத் தருகின்றன. அந்த எல்லையில் சந்திரசேகரின் சமன்பாட்டைத் தயங்காமல் போடலாம்.

ஒலியைவிட மெதுவாகச் செல்லும்போதுதான் சிக்கல், மூன்றாம் கேள்வியும் அதுவே. நீங்கள் கேட்ட விரிவுரையின் கூற்றுக்கு மூலம் உண்டு. 1980இல் ரெஃபேலியும் சால்பீட்டரும் இதை ஆராய்ந்தார்கள். எல்லையற்ற, சீரான வாயுவில் எல்லையற்ற காலமாக ஒரே வேகத்தில் ஒரு பொருள் ஒலியைவிட மெதுவாகச் சென்றுகொண்டிருந்தால், அதைச் சுற்றிய சம அடர்த்திப் பரப்புகள் செல்லும் திசையில் சற்றே தட்டையான நீள்கோளங்களாக இருக்கும். அவற்றின் நடுவில் பொருள். முன்னும் பின்னும் சரிநிகர். இரு பக்க ஈர்ப்பும் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால் நிகர இழுவை சுழியம் என்று முடிகிறது. கணிதத்தில் பிழையில்லை. என் கருத்தில் பிழை, அந்த "எல்லையற்ற காலமாக" என்ற சொற்றொடரை மறந்துவிட்டு முடிவை மட்டும் எடுத்துச் சொல்வதில் இருக்கிறது.

ஈவ் ஆஸ்ட்ரைக்கர் 1999இல் செய்தது மிக எளிய மாற்றம். பொருள் ஏதோ ஒரு கணத்தில் வாயுவுக்குள் வந்தது, அதற்குமுன் அங்கே இல்லை என்று வைத்துக்கொண்டார். அதன் ஈர்ப்பினால் உண்டான கலக்கம் அந்தக் கணத்திலிருந்து ஒலிவேகத்தில் ஒரு கோளமாக விரிகிறது. கோளத்தின் மையம் பொருள் புறப்பட்ட இடம். பொருளோ மையத்தைவிட்டு முன்னே நகர்ந்திருக்கிறது. கோளத்துக்கு வெளியே உள்ள வாயுவுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. இப்போது பொருளைச் சுற்றிய நீள்கோளங்களைப் பாருங்கள். சிறியவை முழுதாகக் கோளத்துக்குள் அடங்கி, முன்பின் சமமாக, ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. ஆனால் பெரியவற்றின் முன்பகுதியைக் கோளத்தின் விளிம்பு வெட்டிவிடுகிறது. பின்பகுதி மட்டும் மிஞ்சுகிறது. மிஞ்சிய பின்பகுதிதான் இழுக்கிறது. காலம் செல்லச்செல்ல அந்த வெட்டுப்பட்ட பகுதி தொலைவாகப் போகிறது, ஆனால் அதே விகிதத்தில் பெரிதாகவும் ஆகிறது. தொலைவினால் குறைவதும் பெருமையினால் கூடுவதும் ஈடாகிவிடுவதால், இழுவை காலத்தோடு மாறாமல் நிலையான அளவில் நிற்கிறது. எவ்வளவு காலம் காத்திருந்தாலும் அது சுழியத்தை நெருங்குவதில்லை. ஆகவே ஒலியைவிட மெதுவாகச் செல்லும் பொருளுக்கும் இழுவை உண்டு. பொருளுக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்பதே அதற்குப் போதுமான காரணம். உண்மை உலகில் தொடக்கம் இல்லாத விண்மீனும் இல்லை, எல்லையற்ற வாயுவும் இல்லை.

அந்த இழுவையின் அளவை எண்களால் பார்த்தால் விஷயம் தெளிவாகும். முன்னர் சொன்ன தூய எண், ஒலிக்குக் கீழான வேகத்தில், ஒன்றோடு மாக் எண்ணைக் கூட்டி, ஒன்றிலிருந்து மாக் எண்ணைக் கழித்ததால் வகுத்து, அதன் இயல் மடக்கையில் பாதியை எடுத்து, அதிலிருந்து மாக் எண்ணைக் கழித்தால் வரும். ஒலிக்கு மேலான வேகத்தில், பொருள் கடந்த தொலைவைப் பொருளின் அளவால் வகுத்து எடுத்த மடக்கையோடு ஒரு சிறு திருத்தம் சேரும். அந்தத் தொலைவு விகிதத்தை 100 என்று வைத்து, ஒலிவேகத்தை மாற்றாமல் விசையை ஒப்பிட்டேன் (முன்னர் சொன்ன அளவில் வேகத்துக்குப் பதில் ஒலிவேகத்தைப் போட்டால் வருவதே இங்கே அலகு). மாக் எண் 0.5இல் விசை 0.2, 0.9இல் 0.7, 1.5இல் 1.9, 2இல் 1.1; 4இல் 0.3. ஒலிவேகத்தைச் சற்றே தாண்டிய இடத்தில் ஒரு கூரிய முகடு நிற்கிறது. விண்மீன் கூட்டத்துக்கு இப்படிக் கூரிய முகடு இல்லை. அதே அடர்த்தியும், ஒலிவேகத்துக்குச் சமமான வேகச் சிதறலும் (விண்மீன்களின் வேகங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும் அளவு) உள்ள விண்மீன் கூட்டத்தோடு ஒப்பிட்டால், மாக் எண் 1.5இல் வாயுவின் இழுவை ஏறத்தாழ இரு மடங்கு, 0.5இல் நிலைமை தலைகீழாகி, விண்மீன் கூட்டத்தின் இழுவையே ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. மெதுவாகச் செல்பவனிடம் வாயு இளகிவிடுகிறது. அழுத்தம் திரட்சியைக் கலைத்துவிடுகிறது.

இதன் விளைவு சுவையானது. வாயுவுக்குள் வேகமாக நுழையும் பொருள் மெதுவாக மெதுவாக இழுவை கூடிக்கொண்டே போகும், அதனால் இன்னும் விரைவாக மெதுவாகும். ஒலிவேகத்தைத் தாண்டிக் கீழே இறங்கியதும் பிடி சட்டென்று தளரும். எனவே வாயுவின் நடுவே ஒலிவேகத்துக்கு மேல் நெடுங்காலம் செல்வது கடினம். அதற்குக் கீழே நெடுங்காலம் உலவுவது எளிது. விண்மீன்களுக்கான சமன்பாட்டை மட்டும் போட்டுக் கணிப்பவர்கள் இந்த இரண்டாம் பாதியைத் தவறவிடுவார்கள்.

மடக்கையைப் பற்றி ஒரு சொல். பின்தடத்தின் அருகிலுள்ள சிறு பகுதி, அதைப் போலப் பத்து மடங்கு தொலைவில் உள்ள பகுதி, நூறு மடங்கு தொலைவில் உள்ள பகுதி என்று ஒவ்வொன்றும் ஏறத்தாழச் சமமாக இழுக்கின்றன. ஆகவே எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். விண்மீனுக்கு அதன் ஆரத்திலிருந்து தொடங்கலாம். கருந்துளைக்கு அப்படி ஓர் இயல்பான தொடக்கம் கிடையாது. அருகில் உள்ள வாயு மெல்லிய கலக்கமாக இல்லாமல் கொந்தளிப்பாகவே இருப்பதால், சமன்பாட்டின் அடிப்படை அனுமானமே அங்கே உடைகிறது. 2009இல் கொரிய ஆய்வாளர்கள் செய்த கணினி உருவகங்கள், மிகக் கனத்த பொருளுக்கு முன்னால் ஓர் அதிர்ச்சி அலை விலகி நிற்பதையும், அதனால் உண்மையான இழுவை எளிய சமன்பாடு சொல்வதைவிடக் குறைவதையும் காட்டின. அதற்கு ஈராண்டு முன்னர் அவர்களே வட்டப் பாதையில் செல்லும் பொருளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே பின்தடம் சுருளாக வளைகிறது, பொருள் தன் பழைய பின்தடத்தையே எதிர்கொள்ள நேரிடுகிறது. இழுவை காலத்தோடு வளர்ந்துகொண்டே போகாமல் ஓரளவில் நின்றுவிடுகிறது. நல்ல வேளையாக, கடந்த தொலைவு என்ற இடத்தில் பாதையின் விட்டத்தைப் போட்டால் நேர்கோட்டுச் சமன்பாடே நல்ல மதிப்பீட்டைத் தந்துவிடுகிறது. கைக்கணக்குக்கு அது போதும்.

இந்த இழுவை உண்மையில் வேலை செய்யும் இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு விண்மீன் இன்னொன்றின் உடலுக்குள் புகுவது. இரட்டை விண்மீன்களில் ஒன்று முதிர்ந்து சிவப்பு ராட்சதனாக ஊதும்போது அதன் உறை துணையையும் விழுங்கிவிடும். 1976இல் போலந்து வானியலாளர் போடான் பச்சின்ஸ்கி முன்வைத்த பொது உறை என்ற கருத்து இது. துணை அந்த உறைக்குள் சுற்றும் வேகமும், உறையின் ஒலிவேகமும் ஒரே ஈர்ப்பினால் தீர்மானிக்கப்படுவதால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். அதாவது துணை, நாம் மேலே கண்ட முகட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இழுவை அதன் உச்சத்தில் இருக்க, துணை வேகமாகச் சுருண்டு உள்ளே இறங்குகிறது. அப்போது வெளிப்படும் ஆற்றல் உறையையே வீசி எறியக்கூடும். எஞ்சுவது மிக நெருங்கிய ஓர் இரட்டை. ஈர்ப்பலைகளை வெளிவிட்டு மோதி இணையும் நியூட்ரான் விண்மீன் இணைகள் பலவும் இப்படி ஒரு கட்டத்தைக் கடந்தவையே என்று கருதப்படுகிறது. உறையின் அடர்த்தி உள்ளே போகப்போகச் செங்குத்தாக ஏறுவதால் பின்தடம் ஒருபக்கமாகச் சாயும், சீரான வாயுவுக்கான சமன்பாடு அங்கே துல்லியமாகப் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மார்கழித் திருவாதிரை நாளில் இரவு வானில் சிவந்து தெரியும் அந்த விண்மீனே இதற்கு அண்டை வீட்டு எடுத்துக்காட்டாக இருக்கக்கூடும். திருவாதிரைக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவரும் சிறு துணை ஒன்று இருக்கலாம் என்று 2024இல் கணிக்கப்பட்டது; ஹவாயில் உள்ள ஜெமினி தொலைநோக்கியில் அதன் மங்கலான சுவடு தென்பட்டதாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள். அந்தத் துணை திருவாதிரையின் விரிந்த வெளி வளிமண்டலத்துக்குள்ளேயே சுற்றுகிறது. அதே திருவாதிரையைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. அகச்சிவப்புப் படங்களில் அதன் முன்னால் வில் போல் வளைந்து தெரியும் ஒளிப்பட்டையைக் காட்டி, இதுதான் ஈர்ப்பின் பின்தடம் என்று சிலர் விளக்குகிறார்கள். அது அன்று. அந்த வில், விண்மீனிலிருந்து வீசும் காற்று வெளியே உள்ள வாயுவோடு முட்டும் இடம். 2007இல் கண்டுபிடிக்கப்பட்ட, மீரா விண்மீனின் 13 ஒளியாண்டு நீள வாலும் அப்படியே. அது உதிர்ந்த வாயு. ஈர்ப்பின் பின்தடம் மெல்லியது, படத்தில் எளிதில் சிக்காது. விண்மீன்களால் ஆன பின்தடம் ஒன்று மட்டும், பெரிய மெகல்லன் மேகத்துக்குப் பின்னால், நம் பால்வழியின் புறவட்டத்தில் இருப்பதாக 2021இல் வெளியான வரைபடம் காட்டியது.

பெருங்கருந்துளைகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இரு விண்மீன் மண்டலங்கள் இணைந்தால் அவற்றின் மையக் கருந்துளைகள் முதலில் இந்த இழுவையால்தான் நடுவை நோக்கி இறங்குகின்றன. ஏறத்தாழ மூன்று ஒளியாண்டு இடைவெளிக்குள் வந்ததும் விண்மீன்களின் இழுவை போதாமல் அவை அங்கேயே தேங்கிவிடக்கூடும் என்பது 1980 முதல் பேசப்படும் சிக்கல். வாயு மிகுந்த மையங்களில் அந்தத் தேக்கம் உடையும் என்று உருவகங்கள் காட்டுகின்றன. 2023 ஜூனில், பல்சார்களை (சீராகத் துடிக்கும், சுழலும் நியூட்ரான் விண்மீன்களை) கண்காணிக்கும் பல நாட்டுக் குழுக்கள், அவற்றுள் புனேக்கு அருகே உள்ள ராட்சத ரேடியோ தொலைநோக்கியைப் பயன்படுத்தும் நம் நாட்டுக் குழுவும், மிகத் தாழ்ந்த அதிர்வெண் ஈர்ப்பலைகளின் பின்னணிக்குச் சான்று கிடைத்ததாக அறிவித்தன. அவை கருந்துளை இணைகளிலிருந்து வருபவையானால், தேக்கம் எப்படியோ உடைகிறது என்றுதான் பொருள்.

இழுவை என்ற பெயருக்கு மாறாக, உந்துதலும் உண்டு. பொருள் தானே வெப்பத்தையோ காற்றையோ வெளிவிட்டால் பின்தடத்தில் திரட்சிக்குப் பதில் ஒரு பள்ளம் உண்டாகலாம். அப்போது முன்பக்கம் கனத்து, பொருள் முன்னே தள்ளப்படும். வளரும் கோள் ஒன்று தன் வெப்பத்தால் தன்னைச் சுற்றியுள்ள வட்டின் வாயுவை மெலிதாக்கி வெளிநோக்கி நகரலாம் என்று 2015இல் காட்டப்பட்டது. கோள்கள் தம் தாய் விண்மீனுக்குள் விழாமல் தப்பியது எப்படி என்ற கேள்விக்கு இது ஒரு பகுதி விடையாகலாம். மாணவர்களுக்குச் சொல்லித் தருவதில் இதைக் கடைசியில் வைப்பது நல்லது. முதலில் சொன்னால் குழம்பிவிடுவார்கள்.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பூமியைச் சுற்றி இருப்பது சூரியக்காற்று, கன சென்டிமீட்டருக்கு ஐந்து புரோட்டான் அளவில், நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவது. பூமியின் விடுபடு வேகம் 11.2 கிலோமீட்டர்தான். முன்னர் சொன்ன நீளத்தைக் கணக்கிட்டால் வருவது 5 கிலோமீட்டர். பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வரும் புரோட்டானைப் பூமியின் ஈர்ப்பு வளைக்கவே முடியாது. அதைத் திருப்புவது பூமியின் காந்தப்புலம். ஆகவே பூமிக்கு ஈர்ப்புப் பின்தடம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. சூரியன் ராட்சதனாக ஊதி இந்தத் தொலைவை எட்டும் வரை, அதாவது இன்னும் ஏறத்தாழ 750 கோடி ஆண்டுகளுக்கு, இந்த வழியில் பூமியின் ஓட்டத்துக்கு ஆபத்தில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதை, மேலே சொன்ன பொது உறைக் கணக்கைக் கொண்டு அவளே போட்டுப் பார்க்கலாம். தொடங்க வேண்டிய இடம், உறையின் ஒலிவேகத்தையும் பூமியின் நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தையும் ஒப்பிடுவது.